கொலையாளியை நான் மறைக்கவில்லை

வாயால் படம் காட்டுவது என் தொழில். இதற்கு ஊரில் வேறொரு அர்த்தம் உண்டு என்று எனக்கும் தெரியும். நான் சொல்வது நிஜமான சினிமாப் படத்தை. பார்வையற்றவர்கள் படம் பார்க்கும்போது, ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில், திரையில் என்ன தெரிகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். 'கதவைத் திறக்கிறாள். கடிதத்தைக் கிழிக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போகிறான்.' அவ்வளவுதான் வேலை. அதற்கு முன்னால் டப்பிங் சீரியல்களில் மாமியார்களுக்காக அழுதுகொண்டிருந்தேன். தொண்டை கெட்ட பிறகு, கத்தாமல் பேசுகிற வேலையாக இதைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்களும் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்திருப்பீர்கள். பக்கத்து சீட்டில் அத்தையோ பெரியப்பாவோ உட்கார்ந்துகொண்டு, 'இவன் யாரு? இவ எதுக்கு அழறா?' என்று கேட்டபடி இருக்க, பதில் சொல்லிச் சொல்லியே உங்கள் படம் போயிருக்கும். அதே அவஸ்தையை நான் மாதம் ஒருமுறை, இருபத்தைந்து பேருக்கு மொத்தமாகப் படுகிறேன். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில், இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படம். ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி போய், பறக்கும் ரயில் பிடித்து வந்து சேர்வேன். அழுகைப் படம், பேய்ப் படம், சண்டைப் படம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சண்டைப் படத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். என்னை ஆட்டிவைத்தது ஒரே ஒரு கொலைப் படம். அதன் பெயர் வேண்டாம். டைரக்டர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் யோசிக்கவில்லை

டைரக்டர் பரிதிக்கு முப்பது வயது இருக்கும். தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே உள்ள அறைதான் ஆபீஸ். கீழே யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் கலையைப் பற்றிப் பேசினோம். படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பரமசிவம் என்று ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். முதல் காட்சியில் போனில் பேசுகிறார். அடுத்த காட்சியில் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் வருகிறார். குடியிருப்பில் இருப்பவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர் மோட்டார், கார் நிறுத்தும் இடம், மூன்றாவது மாடி நாய் என்று வரிசையாகப் புகார் சொல்கிறார்கள். கொலையைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்பதில்லை. அப்படியே படம் முடிந்துவிடுகிறது.

"கொன்னது யாரு தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது மேம்," என்றார். உங்களுக்குமா என்றேன். "எனக்கும்தான். எல்லாக் கொலைப் படத்துலயும் ஒரு பிணம், நாலு துப்பு, ஒரு புத்திசாலி போலீஸ், கடைசியில ஒரு பதில் இருக்கும். நான் பிணத்தை மட்டும் வெச்சுக்கிட்டேன்," என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு என் கவலை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து நாலு நிமிஷம் மின்விசிறியையே பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அந்த நாலு நிமிஷத்துக்கு நான் என்ன சொல்வது? "யோசிக்கிறார்னு சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "அப்படி மட்டும் சொல்லிடாதீங்க மேம். அவர் யோசிக்கிறார்னா ஜனங்க நம்பிக்கை வெச்சிடுவாங்க," என்றார்.

மூன்று எலுமிச்சம்பழம்

மைக்கில் சொல்லவேண்டியதை எழுதி முடித்ததும் முதலில் வேதவல்லி மாமியிடம்தான் படித்துக் காட்டுவேன். மாமி மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் ஒரு வார்த்தையை அநாவசியமாகப் போட்டால் ஸ்ருதி விலகின மாதிரி முகத்தைச் சுளிப்பார். பரமசிவம் வீட்டு சமையலறை வரும் இடத்தைப் படித்தேன். 'மேஜை மேல் ஒரு கத்தி இருக்கிறது.' மாமி உடனே கையைத் தூக்கினார். "சரி, குத்தித்தான் கொன்னிருக்கா," என்றார்.

எப்படிச் செத்தார் என்று படத்தில் எங்கேயும் சொல்லவில்லை மாமி என்றேன். பின்னே எதுக்குக் கத்தியைச் சொன்னே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரையில் பார்ப்பவருக்கு மேஜையில் பத்துப் பொருள் தெரியும், கத்தி அதில் ஒன்று. நான் சொன்னால் அது ஒன்றுதான் இருக்கிறது. வாயைத் திறந்தாலே துப்பு. சொல்லாமல் விட்டாலோ, மறைத்தேன் என்று ஆகிவிடும். அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். 'மேஜை மேல் மூன்று எலுமிச்சம்பழம், ஒரு கத்தி, மடித்த துண்டு, மூடியில்லாத ஊறுகாய் ஜாடி.' படித்துவிட்டு, இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். மாமி கொஞ்ச நேரம் தாளம் போடுகிற மாதிரி விரலை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இப்போ நேக்கு ஊறுகா மேலயும் சந்தேகம் வந்துடுத்து."

லைனில் யாரும் இல்லை

அடுத்தது சபாபதி சார். இந்தப் படங்களைப் போடுகிற பார்வையற்றோர் சங்கத்தின் செயலாளர். திருவல்லிக்கேணிக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஒருத்தர் மூச்சு விடுவதை வைத்தே அவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்லிவிடுவார். அவருக்கு எப்போதும் போனில்தான் படித்துக் காட்டுவது. மின்விசிறிக் காட்சியை என் லேப்டாப்பில் ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். 'இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்க்கிறார்,' என்று சொல்லிவிட்டு, டைரக்டருக்குக் கொடுத்த வாக்குப்படி வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம் போயிற்று. விசிறி கிறீச்சிட்டது. இரண்டாவது நிமிஷத்தில் சார் தொண்டையைச் செருமினார். மூன்றாவது நிமிஷத்தில் அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மனிதர் டிபன் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நாலாவது நிமிஷம் முடியப்போகும்போது, பழைய ஆபரேட்டர் குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு பேரும் பேசலைன்னா நான் லைனை எடுத்துடுவேம்மா."

செத்தவர் குரல்

படம் போடுகிற நாளும் வந்தது. டைரக்டரும் வந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் நோட்டுப் புத்தகம், முகத்தில் பரீட்சைக்கு வந்த கலக்கம். கடைசி வரிசையில் என் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் செல்வம். சபாபதி சாரை மாதாமாதம் திருவல்லிக்கேணியிலிருந்து கூட்டிவருகிற ஆட்டோக்காரர். வெளியே வெயிலில் நிற்பானேன் என்று அவரும் உள்ளே வந்து படம் பார்ப்பார்.

டைரக்டர் எனக்கு இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். செத்துப்போன பரமசிவமாகவும் விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டராகவும் நடித்திருப்பது ஒரே நடிகர். மீசை, சாயம் பூசிய முடி, ஒரு செயற்கைத் தொப்பை என்று ஆளே தெரியாதபடி மாற்றியிருந்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்டர் கண்ணாடி முன்னால் முகம் கழுவும்போதுதான் பார்ப்பவருக்குப் பொறி தட்ட வேண்டும். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதுவரைக்கும் நான் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். நானும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். 'கனமான உடம்பு, அடர்ந்த மீசை' என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர், "லிஃப்ட் வேலை செய்யுதா?" என்று கேட்டார். படத்தில் அவருடைய முதல் வசனம் அது. ஹாலில் ஒரு சலசலப்பு. டைரக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். முன் வரிசையிலிருந்து சபாபதி சார் திரும்பாமலேயே சொன்னார்: "செத்தவரே விசாரணைக்கு வந்துட்டாரு. இனிமே சாட்சி எதுக்கு?"

மிக்ஸி ஓடுகிறது

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தண்ணீர் மோட்டார் புகாருக்கு நல்ல சிரிப்பு. மூன்றாவது மாடி நாய்க்கு அதைவிட. டைரக்டர் மறுபடியும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஜன்னல் ஓரமாக நின்று மிக்ஸியில் சட்னி அரைக்கிறாள். அரைத்துக்கொண்டே இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். மிக்ஸி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நமக்கும் கேட்காது. கொலைப் படத்தில் சாட்சி வாயைத் திறக்கிற நேரத்தில் இப்படிச் செய்வதுதான் டைரக்டரின் குறும்பு. நான் எழுதியிருந்தபடி சொன்னேன்: 'அவள் ஏதோ சொல்கிறாள். காதில் விழவில்லை.'

வேதவல்லி மாமி கையைத் தூக்கினார். "விழறதே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தை நிறுத்தினோம். பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டோம். எனக்கு மிக்ஸிதான் கேட்டது. டைரக்டருக்கும் மிக்ஸிதான். மாமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "மிக்ஸி பஞ்சமத்துல கத்திண்டிருக்கு. இவ அதுக்குக் கீழே பேசறா. தனியா கேக்கறது. 'நான்தான் குத்தினது'ங்கறா," என்றார். ஹால் முழுக்க ஒரே பேச்சு. சபாபதி சார், முதல் வார்த்தை சரியாகப் பிடிபடவில்லை, 'குத்து' என்பது நிச்சயம் என்று தீர்ப்புக் கொடுத்தார். இன்னும் நாலைந்து பேர் அதை ஆமோதித்தார்கள். காதில் விழவில்லை என்று மைக்கில் சொன்னவள் நான். எட்டு வருஷமாக என் வாயை நம்பி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அத்தனை பேரும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். சபாபதி சார் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, கேட்டதையே கேக்கலைன்னியே, பாத்ததுல எத்தினி பாக்கலைன்னிருப்பே?"

நைட்டி

படம் முடிந்ததும் டைரக்டர் வாசல் பக்கம் போய் நடிகைக்கு போன் போட்டார். பதில் இல்லாத படம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். படத்துக்குள்ளே ஒருத்தி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், அதுவும் அவருக்கே தெரியாமல் ஒப்புக்கொண்டிருந்தால், மூன்று வருஷத்து உழைப்பு என்ன ஆவது? எல்லோரும் கேட்கட்டும் என்று அவரை உள்ளே கூப்பிட்டு, போனை என் மைக் பக்கம் பிடிக்கச் சொன்னார் சபாபதி சார்.

அந்தப் பெண் எங்கேயோ பஸ்ஸில் இருந்தாள். அந்தக் காட்சியில் என்ன பேசினாய் என்று டைரக்டர் கேட்டார். "ஒண்ணும் பேசலையே சார், நீங்க வாயை அசைக்கத்தானே சொன்னீங்க," என்றாள். அசைக்கும்போது என்ன சொல்லி அசைத்தாய் என்று விடாமல் கேட்டார். அவள் தயங்கினாள். பிறகு இருபத்தைந்து பேர் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் சொன்னாள்: "காஸ்ட்யூம்ல குடுத்த நைட்டிதான் குத்துதுன்னு சொன்னேன் சார், அஞ்சு டேக் எடுத்தீங்க."

சாட்சி

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மாமிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். குத்தினது, குத்துது, ஸ்வரம் ஒண்ணுதானே என்று முணுமுணுத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்போது மோகனா எழுந்தாள்.

மோகனா அடையாறில் இருக்கிறாள், பேங்கில் ஆபீசர். துப்பறியும் கதைகளை ஒலிப் புத்தகமாகக் கேட்டுக் கேட்டு, பாதிக் கதையிலேயே கொலையாளியைச் சொல்லிவிடுகிற பெண். அதிகம் பேசமாட்டாள். "மிக்ஸி இருக்கட்டும்க்கா. கடைசி அஞ்சு நிமிஷம் என்ன காட்டினாங்க?" என்றாள். பரமசிவம் வீட்டு மூடிய கதவு என்றேன். அப்படித்தான் மைக்கிலும் சொல்லியிருந்தேன்: 'மூடிய கதவு.' அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் மௌனம். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

"எங்க வீட்ல எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்றாள் மோகனா. "திடீர்னு பேச்சு நிக்கும். என்ன ஆச்சும்பேன். ஒண்ணும் இல்லம்பாங்க. யாரோ அழுதிருப்பாங்க, இல்லன்னா என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க முகத்தைச் சுளிச்சிருப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா ஏதோ இருக்குன்னுதான் எனக்கு அர்த்தம். நீங்க மட்டும் அப்படிச் சொல்லாதீங்க ஜெயந்திக்கா. கதவைத் திறந்துகிட்டு யார் வந்தாங்க?" சத்தம் போட்டுக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். டைரக்டர் எழுந்து, யாரும் வரவில்லை, படத்தை எடுத்தவன் நான் சொல்கிறேன் என்றார். நீங்க அவங்களோட கூட்டு என்று சபாபதி சார் அவரை உட்கார வைத்துவிட்டார்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஆட்டோ செல்வம். இடத்தை விட்டு எழுந்து, மோகனா பக்கத்தில் போய் நின்று, கோர்ட்டில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "அக்கா, எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா கீது. அஞ்சு நிமிசமும் அந்தக் கதவத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தனும் வரல. எனக்கும் இன்னா படம்னு ஒண்ணியும் புரில."

கதவில் என்ன இருந்தது

திங்கட்கிழமை மோகனா போன் செய்தாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னாள். கடைசிக் காட்சியில் சொட்டுச் சொட்டாக ஏதோ தரையில் விழுகிற சத்தம் வந்ததாம். ரத்தமா என்று கேட்டாள். எனக்கு அப்படி ஒரு சத்தம் கேட்ட ஞாபகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடையாறுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் போட்டு, இந்த முறை கண்ணில் பட்டது எல்லாவற்றையும், முக்கியம் முக்கியமில்லை என்று பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

'மூடிய கதவு. பச்சைப் பெயின்ட், தாழ்ப்பாள் பக்கம் உரிந்திருக்கிறது. வாசலில் நாலு நாள் பேப்பர் பிரிக்காமல் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் கோலத்தின் ஓர் இழை இந்த வாசல் வரை வந்து நின்றுவிட்டது. கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. பைக்குள் பால் பாக்கெட்.' அங்கே நிறுத்தினேன். முதல் முறை பார்த்தபோதே அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன். பால் பை எல்லார் வீட்டிலும்தான் தொங்குகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருந்தேன். யார் கொன்றார் என்பதிலேயே குறியாக இருந்ததில், செத்தவர் வீட்டுக்கு இன்னும் பால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. 'பாக்கெட் உடைந்து, பையின் அடி நனைந்து, பால் சொட்டுகிறது,' என்று சொல்லி முடித்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மோகனா சொன்னாள்: "இப்ப யார் கொன்னாங்கன்னு கேக்கவே தோணலக்கா. அவர் செத்துட்டாருன்னு பால்காரருக்குக்கூட யாரும் சொல்லலையே."

கொலையாளியை ஒளித்துவைத்தேன் என்று என் மேல் போட்ட வழக்கில் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அரை லிட்டர் பாலை மறைத்த குற்றத்துக்குத்தான் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.